நீதித் தராசும் கல்லாப் பெட்டியும்

இங்கிலாந்தில் தபால்காரர் கொண்டு வரும் கடிதங்களில் மனிதனைத் திடுக்கிடச் செய்யக் கூடியவை சில உண்டு. வருமான வரி இலாகாவின் கடிதம் ஒன்று. ஜூரி சம்மன் மற்றொன்று. முதலாவதையாவது ஒருவன் எதிர்பார்த்திருக்கலாம். இரண்டாவதோ, யாதொரு வம்புக்கும் போகாத சாது மனிதனின் வீட்டு வாசலிலும் ஒரு நாள் காலையில் வந்து விழும். "இன்ன தேதியன்று இன்ன கோர்ட்டுக்கு ஜூரராகப் பணியாற்ற வந்து சேரவேண்டியது" என்று அதில் கண்டிருக்கும். சாதாரணமாகப் பத்து வேலை நாள் அந்தப் பணி நடைபெறும். வழக்கு நீண்டால் அதற்கு மேலும் ஆகலாம்.

இந்தக் கடிதம் ஒரு குமாஸ்தாவுக்கு வந்தால், அதை எடுத்துக் கொண்டு மேலதிகாரியிடம் போகிறார். ஜூரி வேலைக்குப் போனார் என்பதற்காக அவரை வேலையிலிருந்து நீக்க முடியாதபடி சட்டம் காப்பாற்றுகிறது. சம்பளம் கொடுத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் முதலாளிக்கு இல்லாவிட்டாலும், பல முதலாளிகள் கொடுத்து விடுகிறார்கள். ஆகவே குமாஸ்தா காலையில் கோர்ட்டுக்குப் போய், மாலையில் வீடு திரும்பி, மனைவி மக்களிடம் "இன்று கோர்ட்டில் நடந்ததைச் சொல்லக் கூடாது" என்று கம்பீரமாக மறுத்துவிட்டுக் காப்பி சாப்பிடலாம்.

ஆனால் அதே கடிதம் ஒரு தையற்காரருக்கு வந்தால்? மளிகைக் கடைக்காரருக்கு, குழாய் ரிப்பேர் செய்பவருக்கு, வீட்டிலிருந்தபடி கணக்கெழுதிப் பிழைக்கும் பெண்மணிக்கு வந்தால்? அவர்கள் யாரிடம் எடுத்துக் கொண்டு போவது? முதலாளியும் அவரே, சிப்பந்தியும் அவரே. லீவு கேட்பதும் அவர், மறுப்பதும் அவர். அவர் கடையைப் பூட்டினால் அன்றைய வரும்படியும் பூட்டிக் கொள்ளுகிறது. வாடகை மட்டும் பூட்டிய கதவுக்குள்ளும் ஓடிக்கொண்டேயிருக்கிறது. குமாஸ்தாவை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று சட்டம் சொல்லலாம்; வாடிக்கைக்காரரை அடுத்த கடைக்குப் போகக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்ல முடியும்?

பொதுக் காரியத்துக்காகச் சொந்தக் காரியத்தை நிறுத்தினால் நஷ்டம் யாரைச் சேர்ந்தது என்பதே இங்குள்ள கேள்வி.

நமக்கு என்ன?

"இந்தியாவில்தான் ஜூரி முறை எப்போதோ போய்விட்டதே! நமக்கு இதைப் பற்றி என்ன கவலை?" என்று நேயர்கள் கேட்கலாம். 1973-ம் வருஷத்துக் குற்ற விசாரணைச் சட்டம் 1974 ஏப்ரல் முதல் தேதி அமுலுக்கு வந்த பிறகு, நம் தேசத்துக் குற்ற வழக்குகளில் ஜூரிக்கு இடமில்லை என்பது வாஸ்தவம். ஆனால் நம்மவர்கள் இருக்கும் இடமெல்லாம் நம் தேசத்தின் சட்டம் கூடவே வருவதில்லை. லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ முதலிய பகுதிகளில் தமிழர்களின் மளிகைக் கடைகளும், சாப்பாட்டுக் கடைகளும், நகைக் கடைகளும் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை குடும்பமே உழைத்து நடத்தும் சிறு கடைகள். அங்கே வோட்டர் ஜாபிதாவில் பெயர் பதிந்த 18 வயது முதல் 75 வயது வரையிலுள்ளவர்கள் ஜூரிக்கு அழைக்கப்படலாம். பதின்மூன்று வயதுக்குப் பிறகு ஐந்து வருஷமாவது அத்தேசத்தில் வசித்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் பிரஜைகள் மட்டுமல்ல. முறைப்படி குடியிருக்கும் இந்தியர், இலங்கையர் முதலிய காமன்வெல்த் நாட்டினரும் அந்த ஜாபிதாவில் இடம் பெறுகிறார்கள். ஆகவே, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்தக் கடிதம் வரக்கூடும்.

பெயர்கள் சீட்டுக் குலுக்குவது போல் எடுக்கப்படுகின்றன. பணக்காரர், ஏழை, படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் பார்ப்பதில்லை. முன்னெல்லாம் வக்கீல்களுக்கும் நீதிபதிகளுக்கும் இடம் கிடையாது. டாக்டர் முதலிய சிலர் கேட்ட மாத்திரத்தில் விலகிக் கொள்ளலாம். 2003-ம் வருஷத்துச் சட்டம் அந்தச் சலுகைகளை எடுத்துவிட்டது. நீதிபதியே ஜூரராக உட்கார வேண்டியிருக்கும்போது, தையற்காரருக்கு மட்டும் விலக்குக் கொடுப்பார்களா? சம்மனுக்குப் பதில் எழுதாமலோ, குறித்த தேதியில் போகாமலோ இருந்தால் 1,000 பவுன் ஸ்டெர்லிங் வரையில் அபராதம் விதிக்கலாம்.

கடைவீதி மனிதர்கள் செய்த காரியம்

இவ்வளவு சிரமம் கொடுத்துச் சாதாரண மனிதர்களை ஏன் கூப்பிட வேண்டும்? சட்டம் படித்த நீதிபதியே தீர்ப்புச் சொல்லிவிட்டால் என்ன? இதற்குச் சரித்திரம் ஒரு பதில் சொல்லுகிறது.

1670-ம் வருஷத்தில் லண்டன் கிரேஸ்சர்ச் வீதியில் வில்லியம் பென் என்ற இளைஞர் பிரசங்கம் செய்தார். அவர் குவேக்கர் மதப் பிரிவைச் சேர்ந்தவர். பிற்காலத்தில் அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்தை ஸ்தாபித்தவரும் அவரே. குவேக்கர்களின் ஆலயத்தைச் சிப்பாய்கள் அடைத்து வைத்திருந்தபடியால் வீதியிலேயே கூட்டம் நடந்தது. அவரையும் வில்லியம் மீட் என்பவரையும் பிடித்து, சட்ட விரோதமாகக் கூட்டம் கூட்டினார்கள் என்று ஓல்டு பெய்லி கோர்ட்டில் நிறுத்தினார்கள்.

பன்னிரண்டு ஜூரர்கள் உட்கார்ந்தார்கள். எல்லோரும் லண்டன் நகரத்துச் சாமானிய மனிதர்கள். "கிரேஸ்சர்ச் வீதியில் பேசினார், அவ்வளவுதான்" என்றார்கள், அதைக் குற்றம் என்று சொல்ல மறுத்தார்கள். நீதிபதிகளுக்குக் கோபம் பொத்துக் கொண்டு வந்தது. ஜூரர்களைச் சோறு தண்ணீர் இல்லாமல், குளிர் காயக் கணப்பும் இல்லாமல், இராத்திரியில் அறையில் போட்டுப் பூட்டினார்கள். அவர்கள் மசியவில்லை. முடிவில் "குற்றவாளிகள் அல்ல" என்று தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். தலைக்கு 40 மார்க் அபராதம் விதிக்கப்பட்டது. எட்வர்ட் புஷெல் என்பவரும் இன்னும் சிலரும் அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார்கள். புஷெலின் மனு மேல் கோர்ட்டுக்குப் போயிற்று. ஜூரர்கள் தங்கள் மனச்சாட்சிப்படி சொன்ன முடிவுக்காக அவர்களைத் தண்டிக்கலாகாது என்று பிரதம நீதிபதி வாகன் தீர்ப்பளித்தார். அன்று முதல் அது அத்தேசத்தின் சுதந்திரத்துக்கு ஓர் அஸ்திவாரக் கல்லாயிற்று.

அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டையும் வேலையையும் விட்டு வந்தவர்கள்தான். தங்கள் நஷ்டத்தை மட்டும் கணக்குப் பார்த்திருந்தால், முதல் நாள் மாலையே நீதிபதி விரும்பிய வார்த்தையைச் சொல்லிவிட்டு வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம்.

நம் தேசத்துப் பழைய கணக்கு

ஜூரி நாற்காலிக்காக நம்மவர்களும் போராடியதுண்டு. 1826-ம் வருஷத்துச் சட்டம் இந்தியர்களை ஜூரியில் சேர்த்துக் கொண்டது; ஆனால் கிறிஸ்துவர் ஒருவர் மீது வழக்கு நடந்தால் ஹிந்துக்களும் முஸ்லிம்களும் ஜூரராக உட்காரக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்லிற்று. இந்தப் பாரபட்சத்தை எதிர்த்து ராஜா ராம் மோகன் ராய் முதலியோர் பலமாகக் கிளர்ச்சி செய்தார்கள். 1832-ல் அந்தத் தடை நீங்கியது.

பிற்பாடு நடந்ததையும் தேசம் மறக்கவில்லை. 1908-ல் பம்பாயில் லோகமான்ய திலகர் மீது ராஜத் துவேஷ வழக்கு நடந்தபோது, ஜூரியில் ஏழு பேர் ஐரோப்பியர். இரண்டு பேர் பார்ஸிகள். ஏழு பேர் குற்றவாளி என்றார்கள். இரண்டு பேர் இல்லை என்றார்கள். திலகர் ஆறு வருஷ தண்டனை பெற்று மாந்தலேக்கு அனுப்பப்பட்டார். நாற்காலியில் எப்படிப்பட்டவர்கள் உட்காருகிறார்கள் என்பதைப் பொறுத்தே ஜூரி முறை தர்மமாவதும் அதர்மமாவதும் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

பத்து நாளின் நஷ்டம்

சரித்திரம் இருக்கட்டும்; கல்லாப் பெட்டிக்கு வருவோம்.

இங்கிலாந்தில் ஜூரர்களின் வயிற்றைப் பற்றிச் சட்டம் வெகு காலம் கவலைப்படவில்லை. 1870-ல்தான், ஆலோசனை செய்யும்போது கணப்பு மூட்டிக் கொள்ளவும் ஏதாவது சாப்பிடவும் அனுமதி கிடைத்தது. அதுவும் அவர்களுடைய சொந்தச் செலவில்! வழிச் செலவும் வருமான நஷ்டமும் கொடுப்பதென்ற ஏற்பாட்டை 1949-ம் வருஷத்து ஜூரிச் சட்டம் செய்தது.

2024-ல் நடைமுறையில் இருந்த விகிதத்தைப் பார்ப்போம். முதல் பத்து நாளில், ஒரு நாள் நாலு மணி நேரத்துக்கு மேல் கோர்ட்டில் இருந்தால் வருமான நஷ்டத்துக்காக அதிக பட்சம் 64 பவுன் 95 பென்ஸ் பெறலாம். நாலு மணிக்குள் அனுப்பி விட்டால் ஏறக்குறைய அதில் பாதி. பத்து நாளுக்கு மேல் போனால் உச்ச வரம்பு இரண்டு மடங்காகும். பஸ், ரயில் கட்டணம் தனி. சாப்பாட்டுக்குச் சாதாரண நாளில் 5 பவுன் 71 பென்ஸ். குழந்தையைப் பார்த்துக் கொள்ள ஆள் வைத்தால் அந்தச் செலவையும் கேட்கலாம். ஆனால் அது தனியாகக் கிடைக்காது. வருமான நஷ்டமும் அதுவும் சேர்ந்து அந்த 64 பவுன் 95 பென்ஸுக்குள் அடங்க வேண்டும். கைக்குழந்தையை வைத்துக் கொண்டு சொந்தத் தொழில் செய்யும் தாய்க்கு இது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு மின்சார வேலைக்காரர் நாளொன்றுக்கு 150 பவுன் சம்பாதிப்பதாக வைத்துக் கொள்வோம். பத்து நாளில் 1,500 பவுன் போய்விடுகிறது. கிடைப்பது 649 பவுன் 50 பென்ஸ். மீதி 850 பவுன் 50 பென்ஸ் அவர் தேசத்துக்குச் செலுத்திய தட்சிணை. பாதியில் நின்ற வேலையும், கோபித்துக் கொண்ட வாடிக்கைக்காரரும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இவ்வளவுக்கும் பத்து நாளும் வழக்குக் கேட்பதில் கழியும் என்பதில்லை. தேவைக்கு மேல் ஆட்களைக் கூப்பிட்டு, அவர்களிலிருந்து பன்னிரண்டு பேரைச் சீட்டெடுத்துப் பொறுக்குகிறார்கள். மற்றவர்கள் அறையில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான். சாட்சி சம்மன் பெற்று நாளெல்லாம் கோர்ட்டு வராந்தாவில் தூணைப் பார்த்துக் கொண்டிருந்து, கடைசியில் வாய்தாவோடு வீடு திரும்பிய நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் காத்திருப்பின் அருமை நன்றாகத் தெரியும்.

சம்மன் வந்தவுடன்

இனி, சொந்தத் தொழில் செய்பவர் இந்தச் சங்கடத்தைச் சமாளிக்கும் வழிகளைப் பார்ப்போம்.

முதலாவது, கடிதத்தை மேஜை டிராயருக்குள் போட்டு மறக்கலாகாது. ஏழு நாளுக்குள் பதில் அனுப்ப வேண்டும். பதில் எழுதியவருக்குத்தான் சலுகை கேட்க வாய்ப்பு உண்டு.

இரண்டாவது, தள்ளிப் போடுவது வேறு. தப்பித்துக் கொள்வது வேறு. தேதியை ஒரு தடவை, பன்னிரண்டு மாதத்துக்குள் ஏதேனும் ஒரு காலத்துக்குத் தள்ளி வைக்கும்படி கேட்கலாம். தகுந்த காரணம் காட்ட வேண்டும். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் எந்தெந்தத் தேதிகள் தமக்கு ஏற்றவை என்றும் சொல்லலாம். இதுவே சொந்தத் தொழில்காரரின் கையிலுள்ள பெரிய ஆயுதம். ஒரே தடவைதான் கிடைக்கும் என்பதால் அதை யோசித்துப் பிரயோகிக்க வேண்டும். மிட்டாய்க் கடைக்காரருக்குத் தீபாவளிக்கு முந்திய மாதம் முடியாது. வருமான வரிக் கணக்கு எழுதுபவருக்கு, கணக்குக் கொடுக்கக் கடைசித் தேதியான ஜனவரி 31-க்கு முன்பு மூச்சுவிட நேரமிராது. தோட்ட வேலை செய்பவருக்குக் கோடை காலமே அறுவடை. ஒவ்வொரு தொழிலிலும் ஈயோட்டும் காலம் என்று ஒன்று உண்டல்லவா? அந்தக் காலத்தை ஜூரிக்குக் கொடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது, முற்றும் விலக்குக் கேட்பது. அபூர்வமான காரணங்களுக்கே அது கிடைக்கும். "வரும்படி குறையும்" என்பது மட்டும் போதாது. வேறு ஆளே இல்லாத சிறு தொழில் அதனால் மிகவும் சீர்குலைந்து போகும் என்றால் அதை அத்தாட்சியுடன் விளக்கி எழுதலாம். மறுத்துவிட்டால் மேலே முறையிடவும் வழியுண்டு.

நாலாவது, பணம். உதவித் தொகை தானாக வந்து சேராது. படிவம் பூர்த்தி செய்து கேட்க வேண்டும். வருமான வரிக் கணக்கு முதலிய சான்றுகளை முன்னதாகவே எடுத்து வைத்துக் கொள்வது நலம். பணமும் வேலை செய்த பிறகே கைக்கு வருமாதலால், இரண்டு மூன்று வாரச் செலவுக்குத் தனியாகச் சிறிது ஒதுக்கி வைக்க வேண்டும். திடீரென்று காய்ச்சல் வந்தாலும் அந்தப் பணம் உபயோகப்படும். சொந்தத் தொழில் செய்பவர் வீட்டில் அத்தகைய பணம் ஒன்று எப்போதும் இருக்க வேண்டியதே.

ஐந்தாவது, வாடிக்கைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஜூரி வேலைக்குப் போகிறோம் என்று தெரிவிப்பதில் தவறில்லை. வழக்கைப் பற்றிப் பேசுவதுதான் தவறு. முன்கூட்டியே சொன்னால் பலர் காத்திருப்பார்கள். அதே தொழில் செய்யும் நண்பர் ஒருவருடன் பரஸ்பரம் ஒப்பந்தம் செய்து கொள்வது இன்னும் சிலாக்கியமானது. "என் ஜூரிக்கு நீ, உன் காய்ச்சலுக்கு நான்" என்று ஏற்பாடு செய்து கொண்டால், போட்டிக் கடைக்காரனும் சகோதரனாகி விடுவான்.

ஆறாவது, நீண்ட வழக்கு. பல வாரங்கள் நடக்கக் கூடிய வழக்கானால், ஜூரியைப் பொறுக்கும்போதே "உங்களால் முடியுமா?" என்று கேட்பது வழக்கம். கூச்சப்படாமல் உள்ளதைச் சொல்ல வேண்டிய சமயம் அதுதான். வழக்குத் தொடங்கி நாலு நாள் கழித்து முணுமுணுப்பதில் பிரயோஜனமில்லை.

ஏழாவது, இராத்திரி வேலை. பகலெல்லாம் கோர்ட்டு, இரவெல்லாம் தொழில் என்று சிலர் துணிகிறார்கள். கொஞ்சம் செய்யலாம்; ஆனால் மறுநாள் சாட்சி கூண்டில் நிற்கும்போது ஜூரர் தூங்கி வழிந்தால், எதிரியாக நிற்பவனின் கதி என்ன ஆவது? அவனுக்கு அது இரண்டு வார நஷ்டமல்ல. பத்து வருஷச் சிறையாகவும் இருக்கலாம். வேலையை விரைவில் முடித்துக் கொண்டு போகவேண்டும் என்பதற்காகவும் முடிவு சொல்லக் கூடாது. வழக்கைப் பற்றி வீட்டில் இண்டர்நெட்டில் துழாவிப் பார்ப்பதோ, 2015-ம் வருஷத்துச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்.

நாற்காலி யாருக்கு?

இத்தனையும் தனி மனிதர் செய்யக் கூடியவை. சர்க்கார் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லையா?

1970-க்களின் தொடக்கம் வரையில் இங்கிலாந்தில், குறிப்பிட்ட மதிப்புள்ள வீட்டுக்கு உடையவர்களாகவோ குடித்தனக்காரராகவோ இருந்தவர்களே ஜூரியில் பெரும்பாலும் உட்கார முடிந்தது. ஆகவே பெண்களும் ஏழைகளும் வாலிபர்களும் அங்கே அதிகம் காணப்படவில்லை. 1965-ல் மாரிஸ் கமிட்டி இதை மாற்றச் சொல்லிற்று. அதன் பயனாக வோட்டுரிமை உள்ளவர்களுக்கெல்லாம் ஜூரிக் கதவு திறந்தது. சொத்து என்ற பூட்டை அவ்விதம் உடைத்தாகி விட்டது. ஆனால் நாள் ஒன்றுக்கு 65 பவுனுக்கும் குறைவான உச்ச வரம்பு அதே கதவுக்கு வேறொரு பூட்டாக இருக்கிறதே! நஷ்டம் தாங்க முடியாத தச்சரும் சலூன்காரரும் எப்படியாவது விலக்குப் பெற்றுப் போய்விட்டால், மாதச் சம்பளக்காரர்களும் பென்ஷன்காரர்களும்தான் மிஞ்சுவார்கள். அவர்கள் நல்லவர்களே, ஆயினும் ஊர் முழுவதற்கும் அவர்கள் பிரதிநிதிகள் ஆக மாட்டார்கள்.

பரிகாரங்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் "ஒரு நாள் அல்லது ஒரு வழக்கு" என்ற முறை இருக்கிறது. அழைக்கப்பட்டவர் முதல் நாளில் வழக்குக்குப் பொறுக்கப்படாவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம். பொறுக்கப்பட்டால் அந்த ஒரு வழக்கோடு சரி. வீண் காத்திருப்பு இதனால் வெகுவாகக் குறைகிறது. இதனுடன் உதவித் தொகையையும் உண்மையான நஷ்டத்துக்கு அருகிலாவது கொண்டு வந்தால், சொந்தத் தொழில்காரர் தயங்க வேண்டிய காரணம் பெரும்பாலும் மறைந்துவிடும்.

அதுவரையில் அவர் என்ன செய்வது? போகத்தான் வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். நாள் முழுதும் கடையில் நின்றவனுக்கு மனிதர்களைத் தெரியும். வார்த்தையில் கலப்படம் இருந்தால் அவன் காதுக்கு எட்டும். எடையில் கள்ளம் இருந்தால் அவன் கை உணர்ந்துவிடும். சட்டப் புத்தகங்கள் கற்றுக் கொடுக்காத இந்த ஞானம் பன்னிரண்டு நாற்காலிகளில் ஒன்றிரண்டிலாவது உட்கார்ந்திருக்க வேண்டும். தேதியைத் தனக்கு ஏற்றபடி கேட்டுப் பெறட்டும்; பணத்தை ஒரு காசு விடாமல் கேட்டு வாங்கட்டும்; போதாது என்று பாராளுமன்ற அங்கத்தினருக்கு எழுதவும் எழுதட்டும். ஆனால் நாற்காலியை மட்டும் காலியாக விடவேண்டாம். கூண்டில் நிற்பவனும் ஒரு வேளை, இரண்டு வாரமாகக் கடை பூட்டிக் கிடக்கும் ஒரு சிறு வியாபாரியாகவே இருக்கலாம் அல்லவா?